அழுகை ஏன் வருகிறது? கண்ணீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாராவது அழுதால் முதலில் நம் வாயில் வருவது “அழாதே” என்பதுதான். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அழுகை எதற்காக வருகிறது, அது என்ன செய்கிறது என்று படிக்கப் படிக்க, அந்தச் சொல்லை நான் வெகுவாகக் குறைத்துக்கொண்டேன். பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு மூன்று வரிதான்.

கண்ணீர் எங்கே சுரக்கிறது?

புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே, எலும்புக் குழிக்குள், பாதாம் பருப்பு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. ஒரு கண்ணுக்கு ஒன்று. அழும்போது பெருகும் நீர் அங்கிருந்துதான் வருகிறது. அழாத நேரத்திலும் கண்ணில் ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது மெல்லிய படலமாகக் கண்மேல் பரவுகிறது. மேலே எண்ணெய்ப் பசை, நடுவில் நீர், அடியில் வழுவழுப்பான சளி. எண்ணெய்ப் பசை குறைந்தால் நீர் சீக்கிரம் உலர்ந்து கண் உறுத்த ஆரம்பிக்கும்.

அந்த ஈரத்தில் கிருமியை அழிக்கும் பொருளும் உண்டு. பிற்பாடு பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், லைசோசைம் என்ற அந்த நொதியைப் பற்றி 1922-இல் எழுதினார். சோதனைக்கு நிறையக் கண்ணீர் வேண்டியிருந்ததால், எலுமிச்சையின் உதவியோடு தன் கண்ணிலும் உடன் வேலை செய்தவர்களின் கண்ணிலும் நீர் வரவழைத்துச் சேகரித்தார்.

வெங்காயம் நறுக்கும்போது வருவதும் துக்கத்தில் வருவதும் ஒரே கண்ணீர்தானா?

சுரப்பி ஒன்றுதான், கட்டளை வரும் வழி வேறு. வெங்காயத்தைக் கத்தி வெட்டும்போது அதன் செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து, கந்தகம் கலந்த ஒரு வாயு கிளம்புகிறது. அது கண்ணில் பட்டதும் நரம்பு மூளைக்குச் சொல்ல, மூளை “கழுவு” என்கிறது. அவ்வளவுதான் வேலை. துக்கத்தில் கண்ணில் எதுவும் விழுவதில்லை. உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதிகளிலிருந்து அதே சுரப்பிக்குக் கட்டளை போகிறது.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே இரண்டு வகைக் கண்ணீரையும் குப்பியில் பிடித்து ஒப்பிட்டு 1981-இல் வெளியிட்டார். மனம் உருகி அழுதவர்களின் கண்ணீரில் புரதம் கூடுதலாக இருந்தது. இங்கிருந்துதான் அடுத்த கேள்வி பிறந்தது.

அழுதால் உடம்பில் உள்ள நச்சு வெளியேறும் என்கிறார்களே?

மன அழுத்தத்தில் உடம்பில் சேரும் பொருள்களைக் கண்ணீர் வெளியேற்றக்கூடும் என்று ஃப்ரே ஊகித்தார். கேட்க நன்றாக இருப்பதால் அந்த ஊகம் இன்றுவரை உலவுகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு முறை அழும்போது வெளியே வருவது மிஞ்சிப்போனால் சில துளிகள். அதிலும் ஒரு பகுதி மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய் வயிற்றுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன. கண்ணீரின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அழும்போது மூக்கு ஒழுகுவது ஏன்? தொண்டை ஏன் அடைக்கிறது?

கண்ணாடி முன்னால் நின்று கீழிமையின் உள்மூலையை லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒரு சிறு துளை தெரியும். மேலிமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் வடிந்து போகும் வாய்க்கால் அதுதான், மூக்குக்குள் போய்த் திறக்கிறது. வாய்க்கால் தாங்காத அளவுக்கு நீர் பெருகினால் மிச்சம் கன்னத்தில் வழிகிறது.

தொண்டைக் கதை வேறு. மனம் கொதிக்கும்போது உடம்பு நிறையக் காற்றைக் கேட்கிறது, அதனால் குரல்வளையின் வாய் அகலத் திறந்தபடி இருக்கிறது. நாமோ அழுகையை விழுங்கப் பார்க்கிறோம். விழுங்க வேண்டுமானால் அந்த வாய் மூட வேண்டும். திறக்கப் பார்க்கும் தசைக்கும் மூடப் பார்க்கும் தசைக்கும் நடக்கும் இழுபறிதான் உருண்டை போல நமக்குத் தெரிகிறது. உண்மையில் அங்கே அடைப்பு ஒன்றும் இல்லை.

சரி, எதற்காகத்தான் அழுகிறோம்?

சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி எழுதியபோது, அழுகையில் வரும் கண்ணீருக்குத் தனியாக ஒரு நோக்கம் இல்லை என்றே கருதினார். கண்ணின் ஓரத்தில் அடிபட்டால் நீர் வருவது போல அதுவும் தற்செயலான பக்கவிளைவு என்பது அவர் எண்ணம். அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் இதில் தவறிவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்று தடுக்கி விழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முழங்கால் சிராய்த்திருக்கும். உடனே அழாது. முதலில் தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்க்கும். யாரும் இல்லையென்றால் பல நேரம் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடும். அம்மா கண்ணில் பட்டால் போதும், உதடு பிதுங்கும், முகம் கோணும், அப்புறம்தான் அழுகை வெடிக்கும். இதை நடிப்பு என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை. வலி அந்தக் குழந்தைக்கு முன்பே இருந்தது. அதைச் சொல்ல ஓர் ஆள் இப்போதுதான் கிடைத்தது.

கண்ணீர் என்பது இன்னொருவருக்குப் போகும் சேதி. “என்னால் முடியவில்லை, பக்கத்தில் வா” என்ற சேதி. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன், அழுபவர்களின் படங்களை எடுத்து, கணினியில் கண்ணீரை மட்டும் அழித்துவிட்டு மற்றவர்களிடம் காட்டினார். முகம் அதேதான், சுருக்கம் அதேதான். கண்ணீர் போனதும் சோகம் பாதி கரைந்துவிட்டது. சிலருக்கு அது யோசிக்கும் முகமாக, சிலருக்கு வியக்கும் முகமாகத் தெரிந்தது. 2013-இல் வந்த வேறொரு ஆய்வில் படத்தை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரமே காட்டினார்கள். அதற்குள்ளேயே, கண்ணீர் உள்ள முகத்துக்கு ஆதரவு தேவை என்று பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

நெதர்லாந்தில் பல ஆண்டுகள் அழுகையையே ஆராய்ந்த அட் ஃபிங்கர்ஹூட்ஸ் சொல்லும் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். குரலெடுத்து அழுதால் ஊருக்கே கேட்கும், காட்டில் வாழ்ந்த காலத்தில் எதிரிக்கும் கேட்டிருக்கும். கண்ணீருக்குச் சத்தம் கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். மனிதக் குழந்தை வளர்ந்து தன் காலில் நிற்கப் பல ஆண்டுகள் பிடிக்கிறது. அத்தனை ஆண்டுகளும் வேண்டியவருக்கு மட்டும் சேதி சொல்ல ஒரு வழி தேவைப்பட்டிருக்கும்.

தமிழில் இந்த அழுகைக்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கண் கலங்குவது, விசும்புவது, விம்முவது, தேம்புவது, கேவுவது, கதறுவது. கண் கலங்கினால் எதிரில் இருப்பவருக்கு மட்டும் தெரியும். விசும்பினால் அடுத்த அறைக்குக் கேட்கும். கதறினால் தெருவே திரும்பிப் பார்க்கும். சேதி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம்.

அழுதால் மனபாரம் குறையுமா?

குறையலாம். ஆனால் எல்லோருக்கும் இல்லை, உடனேயும் இல்லை.

35 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம், கடைசியாக அழுததைப் பற்றிக் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அழுத பிறகு மனம் லேசானது என்றார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோர் மாற்றமே தெரியவில்லை என்றார்கள். பத்தில் ஒருவருக்கு முன்பைவிட மோசமாக இருந்தது. 2008-இல் வெளிவந்த இந்த ஆய்வில், வித்தியாசத்துக்குக் காரணமாக இருந்தவைதான் முக்கியம். ஆறுதலாக ஒருவர் உடன் இருந்தவர்களுக்கு மனம் இலேசாகியிருந்தது. அழவைத்த பிரச்சினை தீர்ந்தவர்களுக்கும், அதைப் பற்றி ஏதோ ஒரு தெளிவு கிடைத்தவர்களுக்கும் அப்படியே. அடக்கி அடக்கி அழுதவர்களுக்கும், அழுததற்காக வெட்கப்பட்டவர்களுக்கும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை.

நேரமும் ஒரு கணக்கு. 2015-இல் 60 பேருக்குச் சோகப் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்த கையோடு சரிந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், படம் பார்க்கும் முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆகவே அழுது முடித்தவுடன் “அழுதும் ஒன்றும் ஆகவில்லையே” என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2020-இல் பார்த்தார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலின் அளவில், அழுதவர்களுக்கும் அழாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. வலியைத் தாங்கும் திறனிலும் இல்லை. ஆனால் அழாதவர்களின் மூச்சு வேகமானபோது, அழுதவர்களின் மூச்சு நிதானமாக இருந்தது. விம்மி அழுது முடித்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு வருமே, அதை நினைத்துக்கொண்டேன்.

பிறந்த குழந்தை கண்ணீர் இல்லாமல் அழுகிறதே, ஏதாவது குறையா?

இல்லை. முதல் சில வாரங்கள் பெரும்பாலான குழந்தைகளின் அழுகை வெறும் குரல்தான். கண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் வழியும் அளவுக்குச் சுரக்காது. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணீர் எட்டிப் பார்க்கும். அழுகையின் அளவும் பிறந்து ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறையும். அந்த வாரங்களில் தூக்கமில்லாமல் தவிக்கும் பெற்றோர் தங்களைக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. சில மாதம் ஆகியும் கண்ணீரே வராவிட்டால் அல்லது ஒரு கண் மட்டும் எப்போதும் நீர் கோத்து நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்கள் ஏன் குறைவாக அழுகிறார்கள்?

ஃப்ரே அமெரிக்காவில் எடுத்த கணக்கில், பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக ஐந்து முறைக்குக் கொஞ்சம் மேலும், ஆண்கள் ஒரு முறைக்குக் கொஞ்சம் மேலும் அழுதார்கள். சிறு வயதில் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. பருவம் எட்டும் வயதில்தான் பிரிகிறது. ஹார்மோனுக்கு அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அதோடு முடியவில்லை: செல்வமும் சுதந்திரமும் கூடுதலாக உள்ள நாடுகளில் மக்கள் அதிகமாகவே அழுவதாகத் தெரிவிக்கிறார்கள். அங்கே துன்பம் அதிகம் என்பதால் அல்ல. அழுவதற்கு அனுமதி இருக்கிறது.

என் பெரியப்பா இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது அப்பா “சரி, சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். நேராகக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் தண்ணீர் வெளியே வந்தது. குழாய் நிற்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார், சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சந்தோஷத்தில் ஏன் கண்ணீர் வருகிறது?

விமான நிலையத்தில் வெகு நாள் கழித்து வந்த மகளைக் கட்டிக்கொண்டு அழும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீருக்குள் அத்தனை நாள் பிரிவும் இருக்கிறது. ஆனந்தக் கண்ணீர் பெரும்பாலும் இப்படித்தான், கடந்துவந்த கஷ்டம் கூடவே வரும். இன்னொரு விளக்கமும் உண்டு: தாங்க முடியாத உணர்ச்சி எதுவானாலும், அதற்கு நேர்மாறான வெளிப்பாடு மனத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர உதவுகிறது. பயத்தில் சிலர் சிரித்துவிடுவதும் இதே கதைதான்.

கோபம் வந்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. எதிராளி என்னைக் கோழை என்று நினைக்கிறார். என்ன செய்வது?

இது நிறையப் பேருக்கு, முக்கியமாக வேலை இடத்தில், நடக்கிறது. அநியாயம் தெரிகிறது, தடுக்கக் கையில் அதிகாரம் இல்லை. கோபத்தோடு இயலாமை சேரும் இடத்தில் கண்ணீர் முந்திக்கொள்கிறது. அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. “கண்ணீர் வருகிறது, ஆனால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்” என்று நேராகவே சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். மெதுவாக மூச்சை வெளியே விடுவது உதவும்.

அழுகையை அடக்குவது உடம்புக்குக் கெடுதலா?

ஒரு கூட்டத்தில், ஒரு நேர்காணலில் அடக்கிக்கொள்வதால் ஒன்றும் ஆகிவிடாது. எல்லா இடத்திலும், எல்லோரிடமும், ஆண்டுக்கணக்கில் அடக்குவதுதான் சிக்கல். சேதி யாருக்கும் போகாததால் உதவியும் வருவதில்லை.

மற்றவர்கள் அழும் இடத்தில் எனக்கு அழுகையே வரவில்லை. எனக்கு மனசாட்சி இல்லையா?

இருக்கிறது. அழுகையின் அளவு பாசத்தின் அளவு இல்லை. நெருங்கியவர் இறந்த முதல் நாட்களில் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். மாதங்கள் கழித்து, அவருடைய கண்ணாடிக் கூட்டைத் திறக்கும்போது உடைந்து அழுவார்கள். மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளாலும் அழுகை வற்றிப்போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். கண்ணீர்ச் சுரப்பியையே பாதிக்கும் ஷோக்ரன் நோயிலும் கண் வறண்டுவிடும், கூடவே வாயும் உலரும்.

விலங்குகள் அழுமா?

அவற்றின் கண்ணிலும் நீர் உண்டு, குட்டிகள் தாயைப் பிரிந்தால் குரல் கொடுக்கும். உணர்ச்சி மிகுந்து கண்ணீர் வழிய அழுவது மனிதரிடம் மட்டுமே உறுதியாகக் காணப்படுகிறது. ஜப்பானில் 2022-இல் செய்த ஓர் ஆய்வில், வளர்த்தவரை மறுபடி பார்த்ததும் நாய்களின் கண்ணில் ஈரம் கூடியது தெரியவந்தது. வழியும் அளவுக்கு இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு வாரத்துக்கும் மேலாக அநேகமாகத் தினமும் அழுகை, கூடவே தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் பார்க்க வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுவது மிகச் சாதாரணம். அது இரண்டு வாரம் தாண்டினால் விட்டுவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் சிலர் சோகமே இல்லாமல் திடீரென்று அழுவார்கள், அல்லது சிரிப்பார்கள். அது நரம்பு சார்ந்த கோளாறு, மருந்து இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒருவர் என் எதிரே அழுதால் நான் என்ன செய்ய வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். உட்காருங்கள். எதிரே நின்று பார்ப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்வது நல்லது. கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். தோளில் கை வைக்கலாமா என்பது அவரவர் உறவைப் பொறுத்தது, தெரியாவிட்டால் கேளுங்கள். கைக்குட்டையை எட்டும் தூரத்தில் வையுங்கள், முகத்துக்கு நேரே நீட்டினால் “போதும், துடை” என்பது போல ஆகிவிடும்.

“இதுக்குப் போய் அழலாமா”, “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்” இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். யோசனை சொல்லும் அவசரமும் வேண்டாம். ஒருவர் அழும்போது நமக்குத்தான் இருப்புக் கொள்ளாது. “அழாதே” என்பதில் பாதி நம் தவிப்பைத் தீர்த்துக்கொள்ளச் சொல்வது. “இருக்கிறேன், மெதுவாகச் சொல்” என்றால் போதும். சொல்லாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை.

என்னிடம் அழுதவர் மறுநாளிலிருந்து முகம் கொடுக்க வெட்கப்படுகிறார். அதைப் பற்றிப் பேசலாமா, தெரியாதது போல இருந்துவிடலாமா?

தெரியாதது போல இருந்தால், பார்த்தது பிடிக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். தோண்டித் துருவினாலும் ஒதுங்கிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒன்று செய்யுங்கள்.

ஒருமுறை நண்பர் ஒருவரிடம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, நானே எதிர்பார்க்காமல் அழுதுவிட்டேன். இரவெல்லாம் ஏன் அப்படி ஆனோம் என்று கூசிக்கொண்டே இருந்தது. காலையில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி: “தூங்கினாயா?” அவ்வளவுதான். “கொஞ்ச நேரம்” என்று பதில் போட்டேன். அடுத்த வாரம் நானே அவரைத் தேடிப் போய் மீதியையும் சொன்னேன்.